திருத்தும் உரிமை

மழைக்காலம் வந்தால் எங்கள் மலைநாட்டு ஹட்டனில் முழங்கால் வலிக்காதவர்கள் குறைவு. எனக்குக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய அந்த இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தேன். கல்லூரி விரிவுரையாளர்கள் தாமே பாடநூல் எழுதி, எவரும் இலவசமாகப் படிக்கவும் அச்சிடவும் இணையத்தில் வெளியிடும் முறையைச் சொல்லித் தந்தார்கள்.

எங்கள் கல்லூரியிலிருந்து நானும் அஸீலாவும். அவள் என்னிடம் படித்து, இப்போது என்னோடு விரிவுரையாளராக இருப்பவள். டவுனில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. நாங்கள் எழுதிய, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய நூலில் சட்டப் பகுதி என்னுடையது, முதலுதவி அவளுடையது. நன்றாகச் செய்பவருக்கே நூல் வெளியீட்டுப் பிரிவின் பொறுப்பு என்று கல்லூரி அதிபர் சொல்லியிருந்தார். பயிற்றுநர்களோ அவளுடைய பக்கங்களையே திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பிரதாப் சேர், என்ட பாடத்த ஒருக்கா பாத்துத் தாங்களேன்" என்று கடவுச்சொல்லையும் தந்தாள்.

பார்த்தேன். குளவிக்கூடு கலைந்தால் முகத்தை மூடிக்கொண்டு உடனே ஓடிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். சரியான அறிவுரைதான். அதை, அசையாமல் குப்புறப் படுக்க வேண்டும் என்று மாற்றினேன். மதிப்பீட்டாளர்கள் கண்டுபிடிப்பார்கள், அவளுக்கு ஒரு சின்னத் தலைகுனிவு வரும் என்று நினைத்தேன். அவர்கள் வாசிக்காமலே பாராட்டினார்கள். நூல் வெளியானது.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதை அச்செடுத்து, வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கூடிய ஆட்களுக்கு, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். சில நாட்களில் மலையில் குளவி கலைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராசம்மா, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"ஓடாத புள்ள, படு. பொஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்காம்."

அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு ஓடினாள். ராசம்மாவின் இழவு வீட்டில் அவள்தான் இதைச் சொல்லி அழுதாள். நானும் போயிருந்தேன். குளவி கொட்டிச் சாவது தோட்டத்தில் புதிதல்ல. யாரும் புத்தகத்தைத் தேடவில்லை.

என் நிலையையும் நீங்கள் யோசிக்க வேண்டும். திருத்தினால், ஏன் திருத்தினாய் என்று கேள்வி வரும். சும்மா இருந்தால் நெஞ்சு அடைக்கும். எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டவன் நான்தான்.

பிறகு அக்கரப்பத்தனையில் மீனம்மாவும் அதேபோல் குளவிக்கு அசையாமல் படுத்துச் செத்தாள். அப்போதுதான் புத்தகத்தில் இருந்த தவறு வெளியே தெரிந்தது. அஸீலாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், கடைக்குக் கல்லெறிந்தார்கள். அவள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் அப்பிடி எழுதல்லயே சேர்... இல்லாட்டி எழுதிட்டேனோ?"

களைப்பில் யாருக்கும் நடக்கும் என்று ஆறுதல் சொன்னேன். தேநீரும் ஊற்றிக் கொடுத்தேன்.

இரண்டு சாவுக்கும் இடையில் அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேனா என்று கேட்கிறீர்கள். திறந்தேன். அதே பத்தியில் 'மருத்துவமனைக்குக் கொண்டு' என்ற இடத்தில் 'க்' விடுபட்டிருந்தது. பிள்ளைகள் படிக்கும் நூல், பிழையோடு விட மனம் வரவில்லை. அதை மட்டும் சேர்த்துவிட்டு மூடினேன்.