பிளம் கிளையில் ஒரு குஞ்சம்

குழந்தைகள் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது, இன்ஸ்பெக்டர். பஸர்ஜிக் நகர மழலையர் பள்ளியில் என் ஆராய்ச்சியும் அதுதான்: சின்னஞ்சிறுசுகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன? யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளும். அதனால் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பெற்றோர் சம்மதித்தார்கள், வீட்டுச் சங்கதி எதுவும் வெளியே போகாது என்று நானும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறுகிறவன் இல்லை நான்.

மார்ச் பிறந்ததும் சிவப்பும் வெள்ளையுமாக நூல் குஞ்சம் செய்து பிள்ளைகளின் சட்டையில் குத்துவோமே, இந்த வருடம் அதற்குள்ளேயே பொத்தான் அளவு பதிவுக் கருவியை வைத்துத் தைத்தேன்.

அஸென் என்ற பையன் பொம்மையிடம் சொன்னது அதில் கிடைத்தது. "அழாத. அழுதா அப்பா இன்னொரு கையையும் அடுப்புல வைப்பாரு." அருமையான வாக்கியம். அந்த வயதில் அவ்வளவு சுத்தமாகப் பேசும் பிள்ளை அபூர்வம்.

என் உதவியாளர் நெவேனாவும் அதைக் கேட்டாள். போலீசுக்குச் சொல்லலாம் என்று நச்சரித்தாள். ஆராய்ச்சி முடியட்டும் என்றேன். ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, பள்ளித் தோட்டத்தில் என்னை வழிமறித்தாள்.

"சார், அந்தப் புள்ள கை வெந்து கிடக்கு. நீங்க அவன் பேச்ச ரசிச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

பிளம் மரத்தில் மண்வெட்டி சாத்தியிருந்தது. முதல் அடியிலேயே விழுந்துவிட்டாள். விழுந்தும் அஸென், அஸென் என்று முனகிக்கொண்டே இருந்தாள், அதனால் முகம் அடையாளம் தெரியாமல் போகும்வரை அடிக்க வேண்டியிருந்தது. உரத்துக்குத் தோண்டிய குழி பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் பிள்ளைகள் அதன்மேல் ஓடி விளையாடினார்கள்.

அந்த வாரக் கடைசியில் அஸெனின் தகப்பன் அவன் தலையைச் சுவரில் மோதிக் கொன்றுவிட்டான். எனக்கும் வருத்தம்தான். அவனைப் போலப் பேச இன்னொரு பிள்ளை கிடைக்கவில்லை.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பூத்த மரத்தைக் கண்டால் பிள்ளைகள் குஞ்சத்தை அவிழ்த்துக் கிளையில் கட்டிவிடுவார்கள் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? பிளம் சீக்கிரமே பூத்துவிட்டது. நெவேனா என்னை வழிமறித்த அன்று மதியம் அஸென் தன்னுடையதைக் கட்டியிருக்கிறான், மண்வெட்டிக்கு நேர் மேலே. சாயங்காலம் குஞ்சங்களைத் திரும்ப வாங்கும்போது அவனுடையது குறைந்ததைக் கவனித்தேன்; வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போயிருப்பான் என்று இருந்துவிட்டேன்.

மேசைமேல் நீங்கள் வைத்திருப்பது அதுதான். போட்டுக் காட்ட வேண்டாம், எல்லாம் நான் செய்ததுதான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் குரலைப் பதிவு செய்திருக்கிறதே, இது எந்த ஊர் நியாயம்?