ராசாவுக்கு விட்ட இடம்

— சத்தியமா மொதலாளி, இந்தத் தராசு மேல கைய வெச்சுச் சொல்றேன். அந்தோனியார் மேல ஆணை. இதுல ஒரு சொல்லு பொய்யின்னா மஸ்கெலியா டேம்புல தண்ணி வத்திப் போகட்டும்.

— கைய எடுங்க சந்தியாகண்ணே. நூறு கிராம் கற்கண்டு அரைக் கிலோ காட்டுது. போன மாசம் சிறுத்தை ஒண்டு பூசைக்கு வந்து மண்டி போட்டதுக்கும் இதே சத்தியந்தான் செஞ்சீங்க.

— மண்டி போடல. சும்மா ஒக்காந்துச்சு. இல்லாதத நான் சொல்ல மாட்டேன்.

— செரி, கதைய செல்லுங்க. தோட்டத்துத் தொரைய என்ன செஞ்சீங்க?

— கிறிஸ்து ராசா திருநாளுக்கு லத்தீன்ல ஒரு பாட்டு இருக்கு. ஆயிரத்து எரநூறு வருசப் பாட்டு. ரோமாபுரியில ராசாவுக்கு முடி சூட்டுறப்ப பாடுனது. மொதல்ல கிறிஸ்து ஜெயிக்கிறாரு, ஆளுறாருன்னு பாடுவோம். அப்புறம் பாப்பரசர், பிஷப், நாட்டு ராசான்னு ஒவ்வொரு பேராச் சொல்லி ஆயுசு கேக்கணும். ஜனம் புனிதர்களக் கூப்புட்டு, ‘தொணையா இரு’ன்னு பதில் பாடணும்.

— இங்க ஏது ராசா?

— எங்கப்பா வெள்ளக்கார ராசா பேரப் போட்டுப் பாடுனாரு. அவுங்க போனப்புறம் அந்த எடம் சும்மா கெடந்துச்சு. நான் அதுல ஒரு இருமல் இருமிட்டுத் தாண்டிப் போயிருவேன். நம்ம தொரை கோயில் கூரைக்கு நாப்பது தகரம் குடுத்தான் பாருங்க, அந்த எடத்தக் கேட்டான்.

— அல்லாவே! ராசாட எடத்தயா?

— ‘ஏம் பேரப் போடு சந்தியாகு’ன்னான். ‘ஆகட்டுங்க’ன்னேன்.

— ஒங்கட பொஞ்சாதி ரோசம்மாக்காட கல்லறை மேல டோசர் விட்டுத் தேயிலைக் கன்னு நட்ட மனுசனுக்கா ஆகட்டும் எண்டீங்க?

— சிலுவையப் புடுங்கி ரோட்டோரம் எறிஞ்சான் மொதலாளி. நான்தான் பொறுக்கிட்டு வந்தேன். கட்டிலுக்கு அடியில இருக்கு. அதனாலதான் ஆகட்டும்னேன். அந்தப் பாட்டு தெரிஞ்ச ஆளு தோட்டத்துல நான் ஒருத்தன்தான்.

— பொறகு?

— வெள்ளச் சட்டை போட்டு மொத வரிசையில நின்னான். பாப்பரசரு முடிஞ்சாரு. பிஷப் முடிஞ்சாரு. ராசா எடம் வந்துச்சு. நெஞ்ச நிமித்துனான். நான் ‘ரோசம்மா’ன்னு பாடுனேன். மூணு தடவ.

— யா அல்லா.

— ஜனம் தொணையா இருன்னுச்சு. கடைசி வரிசையில லோஜினி எந்திரிச்சு, ரோசம்மா பக்கத்துல பொதைச்ச அவ புள்ள பேரச் சொன்னா. அப்புறம் ஒவ்வொரு லயத்து வீட்டு ஜனமா எந்திரிச்சுச்சு. அந்தத் தேயிலைக்கு அடியில படுத்திருக்கிற அம்புட்டுப் பேரும் அன்னைக்கு ராசா. தொரை பேரு மட்டும் வரவே இல்ல. நாப்பது தகரமும் ஆணியக் கழட்டிக்கிட்டு வரிசையா பேக்டரிக்குப் பறந்து போச்சு.

— தகரம் பறந்ததா?

— ஒண்ணு மட்டும் வழியில வெத்தல வாங்க நின்னுச்சு. தொரை அழுதுக்கிட்டே போயி, ரோசம்மா மேல நட்ட கன்ன எல்லாம் கையாலயே புடுங்குனான். நகமெல்லாம் ரத்தம்.

— அண்ணே, காலையிலயும் அவரு ஜீப்புல சிரிச்சிட்டுப் போனாரே. ஒங்கட ஆளுங்க எண்ட கடைக் கதவுல ஒட்டின நோட்டீசப் பாருங்க. திருநாள் வார ஞாயித்துக்கெழம எண்டுதானே போட்டு ஈக்கி? ‘பாட்டு: சந்தியாகு’ எண்டும் ஈக்கி.

— ஆமா மொதலாளி, இன்னும் நாலு நாள் இருக்கு. தொண்டை கட்டாம இருக்கத்தான் கற்கண்டு.