ஹில்டா கழுவிய பற்கள்

“பல்லுப் பொறுக்குறவனுக்கா என் பொண்ணைக் குடுப்பேன்? அதுவும் மீன் பல்லு.”

“மீன் பல்லு இல்லப்பா, சுறாப் பல்லு. கல்லாப் போனது.”

“கல்லாப் போனா மட்டும் கிலோ என்ன விலைக்குப் போகுது? வேதத்துல உலகத்துக்கே ஆறாயிரம் வருஷம்தான். இவன் பல்லுக்குப் பத்துக் கோடிங்கறான். இப்பவே இப்படிக் கணக்குத் தப்புறவன் நாளைக்கு எப்படிக் குடித்தனம் பண்ணுவான்?”

அடுத்த வீட்டு லாசரஸ் அண்ணனும் அவர் மகள் ஹில்டாவும் அறுபத்து நான்காம் வருஷம் போட்ட சண்டை இது. சிட்லபாக்கத்தில் அப்போது வீடுகள் குறைவு. ஒரு வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டில் தெளிவாகக் கேட்கும். நான் ஒட்டுக் கேட்டேன் என்று ஒரு பேச்சு உண்டு, போதகர் ஐயா. மதில் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அது ஏற்கெனவே காய்ந்த துணி என்பது வேறு விஷயம்.

சாலமோன் உங்களிடம் சொன்னது உண்மைதானா என்று கேட்கிறீர்கள். அதற்கு இந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். உட்காருங்கள், காபி ஆறிவிடும்.

சண்டைக்குக் காரணமான சாலமோன் அந்த நேரம் என் வீட்டு மாடிப் போர்ஷனில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். சொந்தப் பல்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். லீவு விட்டால் பாசஞ்சர் ரயில் ஏறி அரியலூர்ப் பக்கம் போவார். மழை அரித்த ஓடைகளில் நாள் முழுக்கக் குனிந்து நடந்துவிட்டு, ஒரு பிஸ்கட் டின் நிறைய மண்ணோடு திரும்புவார். அந்த மண்ணைக் கழுவினால் பல் வரும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். சுறாவுக்கு எலும்பே கிடையாது, உடம்பு பூராவும் காது மடல் மாதிரிக் குருத்து, செத்தால் பல் மட்டும்தான் மிஞ்சும் என்று பால்காரரை நிறுத்தி வைத்துக்கூடச் சொல்வார். தெருவில் அவருக்குப் ‘பல்லு வாத்தியார்’ என்று பெயர். செம்பாக்கத்திலிருந்து ஒருவர் வீங்கின கன்னத்தோடு வந்து, “சார், கடவாப் பல்லு, பிடுங்கிடுங்க” என்று வாயைத் திறந்ததும் நடந்தது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அப்பா வைத்துவிட்டுப் போன வீடு, பாரிமுனையில் டைப்பிஸ்ட் வேலை. ஒருநாள் சாலமோன் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒரு தீப்பெட்டியை நீட்டினார். உள்ளே பஞ்சின் மேல் தேன் நிறத்தில் ஒரு பல். “உங்களுக்குத்தான், சாராள்” என்றார். ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்ணிடம் சின்னப் பெட்டியை நீட்டி அப்படிச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? நானும் அதைத்தான் நினைத்தேன். ஒரு மாதம் நினைத்தேன். பிறகு தபால்காரரிடமும் கோயில் மணியடிக்கும் குட்டியாரிடமும் ஆளுக்கொரு தீப்பெட்டி இருப்பது தெரிந்தது. கன்னம் வீங்கினவருக்குக்கூட ஒன்று கிடைத்திருந்தது.

ஹில்டாவுக்கு அவர் பல் கொடுக்கவில்லை. பிரஷ் கொடுத்தார். கிணற்றடியில் உட்கார்ந்து அந்த மண்ணைக் கழுவும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். நான் சன்னலிலிருந்து பார்ப்பேன். இரண்டு பேரும் ஒரே பேசினில் கை விட்டுக்கொண்டு, மண்ணுக்குள் தடவிக்கொண்டு, பல் வந்தால் சிரித்துக்கொண்டு. எனக்குப் பொறாமை இல்லை. கிணற்றடி வழுக்கும் என்ற கவலைதான்.

லாசரஸ் அண்ணன் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்ததற்குக் காரணம் தோத்தாத்ரி. பழங்காலக் கல் விஷயத்தில் பெரிய நிபுணர், கல்கத்தாவில் வேலை. சாலமோன் அனுப்பிய ஒரு சின்னப் பல்லைப் பார்த்துவிட்டு, இது இதுவரை யாரும் காணாத ஜாதிச் சுறா, நேரில் வந்து மொத்தத்தையும் பார்க்கிறேன், புத்தகத்தில் ஏற்றும்போது நீங்கள் சொல்கிற பெயரையே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். லாசரஸ் அண்ணன் தெருவெல்லாம் “நம்ம மாப்பிள்ளை” என்றார். ஆறாயிரம் வருஷம் காற்றில் போயிற்று.

என்ன பெயர் வைக்கப்போகிறார் என்பது மாடிப்படியில் வைத்து என் காதில் விழுந்தது. ஹில்டா. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த மீனுக்கு, மொட்டை மாடியில் வடகம் காயப்போடத் தெரியாத ஒரு பெண்ணின் பெயர்.

நம் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தடை எதுவும் தெரியவில்லை. தெரியாததால்தான் ஒன்றை நானே செய்ய வேண்டியதாயிற்று.

கோவளத்திலிருந்து கூடையோடு வரும் செல்லியம்மாளிடம் சுறாத் தலை ஒன்று கேட்டேன்.

“இன்னாம்மா, கறி கீது, அத்த வுட்டுட்டுத் தலையக் கேக்குற? வச்சுகினு இன்னா பண்ணப் போற?”

“பூனைக்கு.”

“சுறாத் தலைய துன்ற பூனையா? அப்ப நீ வளக்குறது பூன இல்லம்மா. வெளிய வுட்டுடாத.”

இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். வேக வைத்தேன். குறடால் பல்லைப் பிடுங்கி, நல்லதாக மூன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புதைத்தேன். டீத்தூள் டிகாஷனில், வெற்றிலைக்குப் போடும் கத்தக்காம்பைக் கரைத்து அதில் ஊறப்போட்டேன். நிறம் நன்றாகவே பிடித்தது. பிறகு கிணற்றடி பேசினில், ஹில்டா கழுவி அடியில் தங்கியிருந்த மண்ணை எடுத்து அப்பினேன். அவர்கள் இரண்டு பேரும் கல்யாணத் துணி எடுக்கத் தாம்பரம் போயிருந்தபோது மாடிக்குப் போய், கழுவாமல் வைத்திருந்த டின்னில் அந்த மூன்றையும் புதைத்துவிட்டு வந்தேன். சாவி என்னிடம் இருந்தது, வீடு என்னுடையதுதானே. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பொருளில் ஒரு பல்லைக்கூட நான் எடுக்கவில்லை. சேர்த்தேன்.

அடுத்த நாள் ஹில்டா கழுவும்போது போட்ட கூச்சல் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். இவ்வளவு பெரிய பல் அதுவரை வந்ததில்லை. அவர் வாங்கிப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். சந்தேகம் வந்தால் அவர் செய்யும் சோதனை ஒன்று உண்டு. தீக்குச்சியைக் கிழித்துப் பல்லின் அடியில் பிடிப்பார். கல்லாய்ப் போனதென்றால் ஒன்றும் ஆகாது. புதிதென்றால் தலைமயிர் பொசுங்குகிற நாற்றம் வரும். ஓடைப் பக்கத்துப் பிள்ளைகள் சில சமயம் ஆட்டுப் பல்லைக் கொண்டுவந்து ஏமாற்றுவார்கள் என்று எனக்கும் ஹில்டாவுக்கும் செய்து காட்டியிருக்கிறார். அன்று அவர் கை சட்டைப்பையில் தீப்பெட்டி வரை போனது. நான் பார்த்தேன். பிறகு ஹில்டாவின் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். அவள் எடுத்த பல்லில் நெருப்பு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வைத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். நான்தான் காரணம் என்று எல்லாவற்றையும் என் தலையில் போடுவது சரியில்லை.

தோத்தாத்ரி வந்தது மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள். என் வீட்டுக் கூடத்தில்தான் பற்களை வரிசையாக வைத்த பலகைகளைப் பரப்பினார்கள். லாசரஸ் அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோத்தாத்ரி ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த மூன்றிடம் வந்ததும் புருவத்தைத் தூக்கினார். ஆனால் அடுத்த பலகைக்கு நகர்ந்துவிட்டார். மரியாதைக்காரர். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிற பேச்சுக்கே வந்துவிட்டார். நான் தட்டை வைத்துக்கொண்டே, “தீக்குச்சி வெச்சுப் பாத்தா பழசா புதுசான்னு தெரியுமாமே சார், நிஜமா?” என்று கேட்டேன்.

“தெரியும்மா. பாக்கணுமா?”

“நடுவுல இருக்கற அந்தப் பெரிய பல்லுல செய்ங்க சார். அது ஹில்டா எடுத்தது.”

கூடமெல்லாம் நாற்றம். லாசரஸ் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். தோத்தாத்ரி கப்பைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“மிஸ்டர் சாலமோன், இந்தச் சுறா செத்து எத்தனை நாளாச்சு?”

ஒன்று பொய் என்றால் மற்ற எதையும் அந்தத் தொழிலில் நம்பமாட்டார்களாம். அரியலூரில் எடுத்த உண்மைப் பற்கள் எல்லாமும் அந்த நிமிஷத்தில் வெறும் கல்லாகிவிட்டன. டின்னைத் தொட்டவர்கள் சாலமோனும் ஹில்டாவும்தான். அவர் பேசினால் விரல் ஹில்டா பக்கம் திரும்பும். “என் தப்புதான்” என்று மட்டும் சொன்னார். லாசரஸ் அண்ணன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் ஓலை வாசிக்கவில்லை.

விஷயத்தை நான் பரப்பினேன் என்பார்கள். நாலு பேரிடம்தான் சொன்னேன். தெருவுக்கு ஒருத்தராக. பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போயிற்று என்று தெரியாது. பொய்யான பல்லைக் காட்டுகிறவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார் என்று பெற்றோர் கேட்டார்கள். அவராகவே வேலையை விட்டுவிட்டார்.

எல்லோரும் ஒதுங்கின பிறகு சாப்பாடு கொடுத்தது நான். வாடகை கேட்காதது நான். சாயங்காலம் பேச்சுத் துணைக்கு இருந்ததும் நான்தான். “டின்ல இருந்ததெல்லாம் நீங்களே பொறுக்கினதா? அங்க பசங்ககிட்ட எதாவது வாங்கினீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன். “ஒருநாளும் இல்ல, சாராள்” என்றார். அடுத்த வருஷம் கேட்டபோது, “வாங்கியிருப்பேனோ?” என்றார். எங்கள் கல்யாணம் அறுபத்தேழில் நடந்தது. அதற்கப்புறம் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். “வாங்கினேன், சாராள். பெரிசா இருந்ததும் ஆசைப்பட்டுட்டேன்.” வாங்கின பையனின் சட்டை நிறம்கூட அவருக்கு இப்போது ஞாபகம் இருக்கிறது.

பற்களை ஏரியில் கொட்டச் சொன்னது அவர்தான். கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் யாராவது எடுத்தால் சிட்லபாக்கத்தில் கடல் இருந்தது என்று எழுதுவார்கள்.

இப்போது காச நோயில் படுத்திருக்கிறவர், ராப்போஜன அப்பம் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பாவத்தைச் சபையில் எழுந்து நின்று அறிக்கையிட வேண்டும் என்று உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் செய்யவில்லை, ஐயா. நான் செய்தேன். ஆனால் இதை அவரிடம் நீங்கள் சொல்லப்போவதில்லை என்று நம்புகிறேன். இந்த நிலைமையில் தாங்கமாட்டார். அறிக்கையிட்டால் அவர் மனது லேசாகும் என்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்?

ஹில்டாவையா கேட்கிறீர்கள்? பிலாயில் ஒரு இஞ்சினியரைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். இரண்டு பையன்கள். லாசரஸ் அண்ணன் வீட்டை விற்றுவிட்டுக் கோவிலம்பாக்கம் பக்கம் தம்பி வீட்டோடு போய்ச் சேர்ந்தார். நாங்கள் எங்கும் போகவில்லை. போன வாரம் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னால் எனக்கும் கெட்ட பெயர் வந்துவிட்டதே என்று அழுதார். நான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன்.