சன்னல் பக்கத்துத் தேய்மானம்

தடாலென்று சத்தம் கேட்டதும் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் ஓடினேன். கட்டில்தான். பழைய தேக்கு நல்ல கனம், நாலு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தேன் சார். பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற ரஞ்சனி சேலத்திலிருந்து இரண்டு பேரைத்தான் கூட்டி வந்திருந்தாள். அவர்கள் கட்டிலைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார்கள்.

வாங்க வந்தவளுக்கு மேல்பக்கம் போதாதா? அடிப்பக்கத்தில் என்ன வேலை?

டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஆணியே இல்லீங்கண்ணா, எல்லாம் மரமுளை. நூறு வருசம் தாண்டியிருக்கும்" என்றாள். எனக்குச் சந்தோஷம். அடுத்து, கால்மாட்டில் ஒரு காலில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த இரும்பு வளையத்தைத் தொட்டாள்.

"இது எதுக்குங்கண்ணா?"

"எங்க பாட்டன் பணப்பெட்டியச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சதுங்க."

"எங்கப்பா லாரி ஓட்டுனவருங்க. லாரியில தார்ப்பாய்க் கயிறு மாட்டுற வளையம் எனக்குத் தெரியாதா? உங்க பாட்டன் கட்டிலுக்குத் தார்ப்பாய் போட்டா படுத்தாரு?"

கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அது என் தப்புதான். சங்ககிரியில் இருபது வருடமாக லாரிக்கு பாடி கட்டுகிறேன். நட்டை முடுக்கியதும் போல்ட் முனையைச் சுத்தியலால் தட்டி மலர்த்திவிடுவோம். ரோட்டு ஆட்டத்தில் கழலாது. கட்டிலிலும் கை அதையே செய்துவிட்டது. பிறகு கழற்ற வரவில்லை, அறுத்தெடுத்தால் கட்டில் கால் பிளக்கும். பழசு என்று நினைத்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

அவள் விடவில்லை. வளையத்துக்குக் கீழே விரலை ஓட்டினாள்.

"மரமெல்லாம் கறுத்துக் கெடக்குது. இந்தத் தேய்மானம் மட்டும் வெளுப்பா இருக்குது. ரெண்டு வருசத்துக்கு மேல இருக்காது. அதுவும் ஒரே பக்கம்."

கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் இருந்த சன்னலைப் பார்த்தாள்.

"பணப்பெட்டி சன்னலுக்குப் போகுமாங்கண்ணா?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கட்டிலை வாங்காமல் போனாள். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். என் மனைவி மஞ்சுளா ஒருநாள், சேலத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன் என்றாள். அங்கேயே தனியாக அறை எடுத்துத் தங்குவாளாம். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மனசு மாறும்வரை ஒரு வாரம் என்றுதான் சங்கிலி போட்டேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

கணுக்காலில் பழைய வேட்டித் துணி சுற்றித்தான் பூட்டினேன். வேளாவேளைக்குச் சாப்பாடு. சங்கிலி ஏழடி. குளியலறைக்கு எட்டும்படி அளந்து வெட்டினேன். சன்னலுக்கு ஓரடி குறையும்படியும் அளந்தேன். அவள் கத்திய நாட்களில் பட்டறைச் சத்தம் போதுமானதாக இருந்தது.

டிரைவர் ஒருவனோடு போய்விட்டாள் என்று ஊரில் சொன்னேன். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. மல்லசமுத்திரத்தில் அவள் அம்மா நல்லம்மாள் மகளைத் தலைமுழுகினார். பிறகு என் வீட்டுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மஞ்சுளா அப்போது பூட்டிய அறைக்குள்தான் இருந்தாள். வாயில் துணி கட்டியிருந்தேன். மாமியாருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இந்த ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் காலைப் பார்ப்பார்கள். ஐந்தாம் நாளுக்குமேல் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பட்டறைக்குப் பின்னால் நான் ஒருவனாகத்தான் புதைத்தேன். நேற்று நீங்கள் தோண்டிய இடம்தான்.

சாகும்வரை சங்கிலியில்தான் இருந்தாளா என்று கேட்டீர்கள். அதையும் நான் மறைக்கவில்லை.

"கடைசி நாலு நாள் பூட்டே போடலீங்க சார். கதவுகூடத் தொறந்துதான் கெடந்துச்சு. போகணும்னு நெனச்சிருந்தா எந்திரிச்சுப் போயிருக்கலாமுல்லீங்க?"