மேல்மூடியில் மாற்றமில்லை

எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது எனக்குப் பிடிக்காது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். விசாரணைக்குக் கூப்பிட்டு, உண்மையை எழுதிக் கொடு என்று காகிதத்தை நீட்டிவிட்டு, அந்த உண்மை கௌரவமாகவும் இருக்க வேண்டும் என்றால் நான் எங்கே போவது? சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகும் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் என் வேலையிடம். ஆடி மாதம் போகும்போது மேற்கிலிருந்து வரும் மேகாற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போய்விடும். திரும்பும்போது பாதி வழி இறங்கி உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். வீடு சேர்ந்து வாய் கொப்புளித்தால் புழுதியாகக் கொட்டும்.

என் பெயர் கோமதிநாயகம். வயது நாற்பத்தாறு. கண்காணிப்பு உதவியாளர். எதைக் கண்காணிக்கிறீர் என்று கேட்பார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதை என்பேன். என் வேலையை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

அந்த இடத்தில் முன்பு பருத்திக்குத் தூவும் பூச்சிமருந்துத் தூள் கலக்கிய கம்பெனி ஒன்று இருந்தது. பாஷாணம் சேர்ந்த தூள். எழுபத்தொன்றில், அங்கே தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்த ஆடுகள் நாற்பதுக்கு மேல் செத்தன. கம்பெனிக்காரர் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து சர்க்கார் வந்து கட்டடத்தை இடித்தது. கெட்ட மண்ணையெல்லாம் வழித்து, பின்பக்கம் பெரிய குழி வெட்டிப் புதைத்து, மேலே மூன்றடி களிமண் கொட்டி இறுக்கியது. அதற்கும் மேலே ஓரடி கரிசல். சுற்றிலும் முள்கம்பி வேலி. நிலத்தடித் தண்ணீரைப் பார்க்க நான்கு மூலையிலும் நான்கு குழாய் இறக்கினார்கள். இருபது வருஷம், மாதா மாதம், ஓர் ஆள் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுத்தம் செய்தவர்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. பார்த்துக்கொண்டிருக்க நான் கிடைத்தேன்.

வேலை கஷ்டமில்லை. அந்தக் களிமண் மூடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்து வெடிப்பு, பொந்து, ஆழமாக வேர் விடும் செடி எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய்க்கு ஒரு பாட்டில் வீதம் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு ரயிலில் அனுப்ப வேண்டும். பிறகு படிவத்தில் 'மேல்மூடியில் மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருஷம் ஒழுங்காகவே செய்தேன். மூன்று வருஷமும் மாற்றமில்லை. நான்காவது வருஷம், ஓர் ஆடி மாதம், எங்கள் தெருக் கிணற்றிலேயே நான்கு பாட்டிலையும் நிரப்பினேன். நான்கும் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகம் வருமே என்று ஒன்றில் மட்டும் ஒரு கல் உப்புப் போட்டேன். திருப்தி என்று பதில் வந்தது. அடுத்த மாதமும் அப்படியே. பழகிப்போயிற்று.

எழுபத்தொன்பது கார்த்திகையில், இன்ஜினீயர் ஆறுமுகச்சாமி நேரில் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ப் பார்த்தேன். நான் அங்கே கால் வைத்துப் பதினாறு மாதம் ஆகியிருந்தது.

குழிக்கு நேர் மேலே ஒரு புற்று எழும்பியிருந்தது. என் இடுப்பு உயரம். சுற்றிக் கிடந்த மண் கரிசல். புற்றோ சாம்பல் நிறம், அங்கங்கே வெளிறிய கோடு. கரையான் அடியில் போய்த்தான் மண் எடுத்து வருகிறது, களிமண்ணைத் துளைத்துக் குழி வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று இப்போது நீங்கள் விளக்குகிறீர்கள். நான் எட்டாவது படித்தவன். அன்று எனக்கு உறைத்தது ஒன்றுதான். இவ்வளவு பெரிய புற்று ஒரு மாதத்தில் வளராது. பதினாறு படிவத்தில் மாற்றமில்லை என்று எழுதியவன் நான்.

மறுநாள் கடப்பாரை கொண்டுபோனேன். நாலு போடு போட்டதில் ஓரம் மட்டும் உதிர்ந்தது. முழுதாக இடித்தாலும் அந்த இடத்தில் பெரிய பொந்து தெரியும். பொந்து என்று படிவத்தில் தனியாக ஒரு கட்டமே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடியாததைக் கும்பிட வைத்துவிடலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மஞ்சள், குங்குமம், இரண்டு முட்டை, கொஞ்சம் பால் வாங்கி வந்தேன். உதிர்ந்த இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன்.

இன்ஜினீயர் புற்றைப் பார்த்ததும் வரைபடத்தை விரித்தார்.

"என்னவே, இது படத்துல இல்லையே?"

"பழைய புத்து சார். குழி மூடும்போதே, சாமி குத்தம் வந்துரும்னு ஆளுக கை வைக்கல."

"குறிக்காம விட்டுட்டானுவளா?"

"விட்டுட்டாக சார்."

அவர் பேனாவை எடுத்து வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் கண்மூடி நின்றார். அன்றிலிருந்து அது அரசாங்கப் பதிவுப்படியே பழைய புற்று. நான் செய்தது இவ்வளவுதான். மஞ்சள் பூசினேன். மற்றதெல்லாம் ஜனங்கள் செய்தது.

ஆடு மேய்க்கும் மூக்காண்டிதான் முதலில் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டுப் பெண்கள் வேலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தை பிறந்தபோது செவ்வாயும் வெள்ளியும் முப்பது நாற்பது பேர். கம்பி குத்திப் பெண்களுக்குக் காயம்படுகிறதே என்று, நானே வேலியை வெட்டி ஒரு படல் வைத்துக் கொடுத்தேன். புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கம். சொறி, சிரங்கு என்றால் அதுதான் முதல் மருந்து. புற்றுமண்ணையே பிரசாதமாகக் கொடுக்கும் சங்கரன்கோவில்காரனான என் கண்முன்னே அவர்கள் அதைச் செய்யும்போது, வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஊரோடு ஒத்து வாழ் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் நன்றாக இருந்தன. என்னைப் புத்துக்கார அண்ணாச்சி என்றார்கள். பொங்கல் வைத்தால் முதல் இலை எனக்கு. வாரம் இரண்டு முறை போனேன்; பாட்டில்களை மட்டும் தெருக் கிணற்றிலேயே நிரப்பினேன். காற்று ஒரு பொருட்டாகவே இல்லை. என் வேலையை ஒருவர் மதித்தது அப்போதுதான்.

இனி முருகம்மாள். அவளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். புருஷன் இல்லாதவள், கூலி வேலை, ஒரே பிள்ளை. நாலு வயது, பேச்சி என்று பெயர். எண்பத்தொன்று தை மாதம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. ஆஸ்பத்திரி மருந்து கேக்க மாட்டேங்கு. இந்த மண்ணக் குடுன்னு எல்லாரும் சொல்லுதாக. நீங்க சர்க்கார் ஆளு, இந்த எடத்தப் பத்தித் தெரிஞ்சவுக. குடுக்கலாமா?"

"குடு தாயி. கொஞ்சமாக் குடு."

கொஞ்சமாக என்று நான் சொன்னதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவள் அதை ஒரு சிட்டிகை என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் சிட்டிகை மருந்து என்றால் ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும். தினம் காலையில், வெறும் வயிற்றில், நாற்பத்தெட்டு நாள். அவள் ஒருநாள் கூடத் தவறவில்லை. பங்குனியில் பிள்ளையின் உள்ளங்கை தடித்துச் சொரசொரவென்று ஆகியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தது. மண் வேலை செய்கிறது, கெட்டதெல்லாம் வெளியே வருகிறது என்று பெண்கள் சொன்னார்கள். முருகம்மாள் இரண்டாவது மண்டலம் தொடங்கினாள். வைகாசியில் பேச்சி இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முருகம்மாள் புற்றுக்கு வந்தாள். படலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"எங்கயோ மொறை தப்பிட்டேன் அண்ணாச்சி. ரெண்டு நாள் குளிக்காம மண்ணெடுத்தேன், வேலைக்கு நேரமாயிட்டுன்னு. அதனாலதானா?"

"இருக்கலாம்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? தாய்க்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவளே கொண்டுவந்த காரணத்தை நான் மறுக்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் துக்கமாக இருந்தது. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

பேச்சியோடு சேர்த்து ஆறு பேர் இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு கிழவிக்கு எழுபது தாண்டிவிட்டது, அவளை எடுத்துவிடலாம். கை, கால் தடித்தவர்கள் நாற்பத்தொன்று. இவ்வளவையும் கண்டுபிடித்தவர் பரிசோதனைச் சாலையின் முகம்மது இஸ்மாயில். ஐந்து வருஷமாக எந்தக் குழாயிலும் உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை, பூமிக்கு அப்படிப் பழக்கம் கிடையாது என்று, போன மாதம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். புற்றைச் சுற்றி வந்து ஒரு கட்டியைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல வேலைக்காரர். கெட்டிக்காரரும்கூட. அவர் என் இடத்தில் இருந்திருக்கலாம்.

நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில், 'அந்த மண்ணில் நஞ்சு இருப்பது எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். அந்த வரி நிற்கவில்லை.

எண்பத்தொன்று தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் வீட்டுக்குள் நுழைகிறேன். என் மனைவி சங்கரம்மாள் இளைய மகளை மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு முதுகில் கொஞ்சம் சிரங்கு. பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. சாம்பல் நிறம்.

"நீங்க பாக்கிற புத்து மண்ணுதான். ஊரெல்லாம் கொண்டு போகுது, நம்ம பிள்ளைக்குத்தான் இல்லையா? இப்பதான் வாயில வச்சேன்."

மகளின் தாடையைப் பிடித்துத் திறந்து விரலை விட்டேன். நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் வழித்தேன். உப்புத் தண்ணீரைப் புகட்டி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தேன். போதாதென்று இன்னொரு முறையும். பிள்ளை பயந்து என் கட்டைவிரலை எலும்புவரை கடித்துவிட்டது. சாமி மண்ணை இப்படிச் செய்கிறீர்களே என்று சங்கரம்மாள் அழுதாள். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் இரண்டடி தோண்டிப் புதைத்துவிட்டு, மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது மூன்றாவது படிக்கிறாள்.

முருகம்மாள் வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தேன்.

"கையில என்ன அண்ணாச்சி?"

"பிள்ள கடிச்சிட்டா."

அவள் சிரித்தாள். இடுப்பிலிருந்த பேச்சியும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அதன் பிறகுதான் மண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடு என்று நான் சொன்னேன்.