லீவரைப் பிடித்த கை

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஐயா. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. தையல் மிஷினைத் தவிர நான் மிதித்த சக்கரம் வேறு கிடையாது. ஆனால் மோட்டார் சைக்கிள் பிரேக்கைப் பற்றி நீங்கள் எதைக் கேட்டாலும் சொல்வேன். பிரேக் ஆயில் ஓடும் லைனுக்குள் ஏர் இருந்தது, வேறு பழுது எதுவும் இல்லை என்று உங்கள் மெக்கானிக் சொன்னாராமே, அது முழுக்க உண்மை. அந்த ஏர் எப்படி உள்ளே போனது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கால் முறிந்து கிடப்பவன் என் தம்பி. வார்டு வாசலில் உங்கள் காவலர் உட்கார்ந்திருக்கிறார். பழுதான வண்டியை வீட்டிலேயே அரைகுறையாகச் சரிபண்ணி ஓட்டி, பின்னால் இருந்த பெண்ணைக் கொன்றுவிட்டான் என்று அவன்மேல் வழக்கு. அவனும் தன் தப்புதான் என்று சொல்லிவிட்டானாம். அவன் அப்படித்தான். சின்ன வயதில் தெருவில் யார் பந்தடித்துக் கண்ணாடி உடைந்தாலும், முகம் வெளுத்து நிற்கிறவன் இவனாகத்தான் இருப்பான்.

அவனை நான் பெறவில்லை, அவ்வளவுதான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிச் சீருடை தைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆளாக்கினேன். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஒருவர் வந்தார். தங்கமான மனிதர். பையனை விடுதியில் சேர்த்துவிடலாமே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் டம்ளரில் பாதி டீ இருக்கும்போதே எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவிட்டேன். இதைத் தியாகம் என்று பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. எங்கள் வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு விளங்க வேண்டும்.

தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். போன வருஷம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லிஃப்ட் வேலைக்குப் போனான். அங்கே கண் பரிசோதிக்கும் பெண் ஒருத்தி. அதிலிருந்து அவனுக்குச் சாயங்காலங்களில் வீடு மறந்துபோயிற்று. நான் சோற்றைப் போட்டு மூடி வைப்பேன், அவன் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவான். ஒருநாள் வந்து உட்கார்ந்து, அவளைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் ஊருக்கே போய்விடப் போவதாகச் சொன்னான். அங்கே வேலையும் பார்த்துவிட்டானாம். "நீ மாசம் ஒருதடவை வந்து இருந்துட்டுப் போக்கா" என்றான். விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "சரிடா, நல்லா இருங்க" என்றேன். மனசார வாழ்த்தினேன், ஐயா. அதில் கபடம் எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் முன் பிரேக்கில் ஏர் பிடித்தது. முதல் தடவை அது தானாக வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. லீவரைப் பிடித்தால் பஞ்சை அமுக்குவதுபோல உள்ளே போயிற்று. "ஆறு மாடி ஏத்தி இறக்குற லிஃப்டயே சரி பண்றேன், இதுக்குப் போயி கடைக்கா?" என்று தானே உட்கார்ந்தான். பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தான். ஹோஸ் எங்காவது உப்புகிறதா, ஆயில் கசிகிறதா என்று தடவிப் பார்த்தான். எல்லாம் நன்றாக இருந்தது. "ஏர்தான்க்கா. எடுத்துட்டா சரியாயிடும். கொஞ்சம் வந்து பிடிக்கிறியா?" என்றான். கரும்பு தின்னக் கூலியா? மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் ஹேண்டில் பக்கம் நின்று லீவரை நாலைந்து தடவை அடித்து, அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் கீழே சக்கரத்தருகே குந்தி, ஒரு சின்னத் திருகை ஸ்பேனரால் கொஞ்சம் திறப்பான். அதில் மாட்டிய குழாய் வழியாக ஆயிலும் குமிழியும் பாட்டிலுக்குள் வரும். உடனே திருகை மூடுவான். மூடிய பிறகுதான் நான் லீவரை விட வேண்டும். மூடுவதற்கு ஒரு நொடி முன்னால் விட்டால், வெளியே வந்த குமிழி திரும்ப உள்ளே ஏறிவிடும். "நான் சொல்ற வரைக்கும் விட்டுடாதக்கா, அவ்வளவுதான் விஷயம்" என்று முதலிலேயே சொன்னான்.

பாதி வேலையில் அவன் போன் அடித்தது. அவள்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். என் விரல் தளர்ந்துவிட்டது. அது முழுக்கக் கைப்பிசகு. அவன் கவனிக்கவில்லை. முடித்துப் பார்த்தால் லீவர் பழையபடி அமுங்கிற்று. அவள் வீட்டுப் பக்கம் சாயங்காலத்துக்கு மேல் பஸ் கிடையாது. அதனால் அன்று அவன் போகவில்லை. நானும் அவனும் சேர்ந்து சாப்பிட்டோம். அவன் மேலதிகாரி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்திய கதையைச் சொன்னான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. எத்தனை காலமாயிற்று, ஐயா, அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டான். அடுத்த ஞாயிறும். லீவர் பக்கத்தில் இருக்கிற ஆயில் தொட்டியில் மட்டம் குறைந்தால் சொல்லு என்பான். நான் கொஞ்சம் தாமதமாகச் சொல்வேன். அதிலும் ஏர் போகும். லீவரை ராத்திரி முழுக்க ஹேண்டிலோடு இழுத்துக் கட்டி வைத்தால் குமிழி மேலேறிவிடும் என்று யாரோ சொல்லி, கட்டி வைத்தான். அவன் படுத்த பிறகு அவிழ்த்துவிட்டு, விடிந்ததும் மறுபடி கட்டினேன். வேலைக்குப் பஸ்ஸில் போய் நேரே வீட்டுக்கு வந்தான். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, வண்டிய ஓட்டுறதவிட அதுக்கு வைத்தியம் பாக்குறதுதான் ஜாஸ்தி போல" என்று கிண்டல் செய்வார். தம்பி சிரிப்பான். நானும் சிரிப்பேன். அந்த வாரங்களில் நான் யாருக்காவது கெடுதல் செய்தேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஓடாத வண்டி யார்மேல் மோதும்?

பிறகு ஒரு ஞாயிறு அவளே வந்தாள். நல்ல பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை. "அக்கா, நீங்க கொஞ்சம் உக்காருங்க, நான் பிடிக்கிறேன்" என்று லீவரை வாங்கிக்கொண்டாள். அவன் சொன்னால் பிடித்தாள், சொன்னால் விட்டாள். டீ போட்டு எடுத்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"பாருக்கா, இவ கை பட்டதும் கல்லு மாதிரி நிக்குது" என்றான். "ஒனக்கு வயசாயிடுச்சு. கை நடுங்குது, நமக்குத்தான் தெரியல."

அவள் அவனை அதட்டினாள். "சும்மா இருங்க. இத்தன வருஷம் ஊசியில நூல் கோத்த கை அது."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வயிறு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் அவள் ஊருக்குப் போய் வாடகைக்கு வீடு பார்ப்பதாகப் பேசிக்கொண்டார்கள். மலைச்சரிவுப் பாதையில் இறங்கிப் போக வேண்டிய ஊர். அதுவும் என் காதில் விழுந்தது.

அந்த ஞாயிறு காலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் குளிக்கப் போனான். ஸ்பேனர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். திருகைத் திறந்தேன். குழாய் மாட்டவில்லை. லீவரை அமுக்கி விட்டேன், மறுபடி அமுக்கி விட்டேன். லைன் காற்றைக் குடிக்கிற சத்தம் மெல்லக் கேட்டது. திருகை மூடினேன். தொட்டியில் ஆயிலை ஊற்றி மட்டம் சரிசெய்தேன். சிந்திய ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்று தண்ணீர் விட்டுத் துடைத்தேன். பார்த்தீர்களா, அவன் வண்டிமேல் எனக்கு எவ்வளவு அக்கறை. பிரேக் அமுங்குவதைப் பார்த்தால் போகமாட்டான், அவ்வளவுதான் என் எண்ணம்.

கிளம்பினார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்கள். பின் பிரேக்கில் நிறுத்திவிட்டு, "அக்கா, கொஞ்சம் அமுங்குற மாதிரி இருக்கே" என்றான். நான் நினைத்தது அப்படியே நடந்தது. போகாதே என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவன் கேட்டிருப்பான்.

ஆனால் பின்னால் இருந்த அவள், "பரவாயில்ல, பஸ்ஸுலயே போயிடலாம்" என்றாள். பஸ்ஸில் போனாலும் போகத்தான் போகிறார்கள். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

பிரேக்கைப் பற்றி இன்னொன்றும் எனக்குத் தெரியும், ஐயா. உள்ளே ஏர் இருந்தாலும், லீவரைப் படபடவென்று அடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கெட்டியாகிவிடும். ஓய்ந்தால் பழையபடி அமுங்கும். நான் படியிறங்கிப் போய், பேசிக்கொண்டே அடித்தேன். "புது ஆயில் ஊத்தினா முதல்ல அப்படித்தான் இருக்கும்னு நீதானேடா சொன்னே? இப்பப் பிடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தான். "ஆமாக்கா. எனக்குத்தான் பிரமை."

"அக்கா பாத்துட்டாங்கல்ல, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். சரிவு, வளைவு, குறுக்கே நின்ற மணல் லாரி. அவளுக்காக நானும் அழுதேன். அவள் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை.

நேற்று வார்டில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் சரியாத்தான் பிடிச்சேக்கா, அவளும் சரியாத்தான் பிடிச்சா. நான்தான் திருக ஒழுங்கா மூடல" என்று தேம்பினான். தலையைக் கோதிவிட்டேன். அவனை ஜெயிலுக்கு அனுப்ப என்னால் முடியாது. அதனால் எழுதிக்கொள்ளுங்கள்: காற்றை ஏற்றியது நான். தெரிந்தே ஏற்றினேன். அவன் திரும்பி வந்தபோது, பிரேக் நன்றாக இருக்கிறதென்று தெரிந்தே பொய் சொல்லி அனுப்பியதும் நான்தான்.

ஒரே ஒரு விஷயம். இது அவனுக்குத் தெரிய வேண்டாம். தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும், நாளாக நாளாக ஆறிவிடும். என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுங்கள். வீட்டில் ஜன்னலோரம் அவனுக்குக் கட்டில் போட்டாயிற்று. நர்ஸ் கொடுத்தால் அவன் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. இனிமேல் அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.