பாத்ரூமில் இருமல்

நர்ஸ்: ஏங்க, பெல் அடிக்குது... யாருன்னு எட்டிப் பாருங்க.

டிரைவர்: பாத்துட்டேன். வீட்டுக்காரர்!

நர்ஸ்: ஐயோ! சொல்லாம கொள்ளாம வர்ற மனுஷன் இல்லையே...

டிரைவர்: யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. கீழ் வீட்டு ஆளாத்தான் இருக்கும். அன்னிக்கு லிஃப்ட்ல என்னை மோந்து மோந்து பாத்தான்.

நர்ஸ்: அத விடுங்க. குட்டிய எங்க ஒளிக்கறது?

டிரைவர்: பாத்ரூம்ல போடு. மெல்லறதுக்கு என் சாக்ஸ் ஒண்ணக் குடு.

நர்ஸ்: தொவைச்சதா, தொவைக்காததா?

டிரைவர்: தொவைக்காதது. அதுதான் ரொம்ப நேரம் தாங்கும்.

நர்ஸ்: இது மட்டும் வெளிய வந்துச்சு... வீடும் போச்சு, நாம குடுத்த வாக்கும் போச்சு.

டிரைவர்: மாடில இருந்தவங்கள ஒரே வாரத்துல காலி பண்ண வச்சாரே, மறந்துட்டியா? அதுவும் உள்ளங்கை அளவு நாய்க்கு! நாம பெட்டி படுக்கையோட தெருவுலதான் நிக்கணும்.

நர்ஸ்: திறங்க, திறங்க. திரும்பவும் அடிக்கறாரு. சிரிச்ச முகமா இருங்க.

டிரைவர்: வாங்க சார், வாங்க! நல்லா தூங்கிட்டோம், அதான்...

வீட்டுக்காரர்: சாயங்காலத்துலயா?

நர்ஸ்: எனக்கு ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி சார். இவரு சும்மா துணைக்குத் தூங்குவாரு.

வீட்டுக்காரர்: சரி, சரி... கொஞ்சம் உக்காரலாமா?

டிரைவர்: சோபா வேண்டாம் சார்!

வீட்டுக்காரர்: ஏம்ப்பா?

டிரைவர்: ஸ்பிரிங் போயிடுச்சு. இந்த நாற்காலில உக்காருங்க.

வீட்டுக்காரர்: ஓரமெல்லாம் வேற பிஞ்சு தொங்குதே...

டிரைவர்: நகம் வெட்டாம விட்டுட்டேன் சார்.

வீட்டுக்காரர்: ம்... தம்பி, நான் எதுக்கு வந்தேன்னா... எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. உங்களுக்கு இந்த... நாய்...

டிரைவர்: சீ! நாயா?

வீட்டுக்காரர்: இல்ல, பொதுவாத்தான் கேட்டேன். பிடிக்குமான்னு...

டிரைவர்: எனக்கா? அந்தப் பேரக் கேட்டாலே உடம்பெல்லாம் தடிச்சிடும் சார். பஸ்ஸுக்குக் குறுக்க நாய் வந்தா கண்ண இறுக்கி மூடிக்குவேன்.

நர்ஸ்: கண்ண மூடுவீங்களா?

டிரைவர்: பிரேக் போட்டுட்டுதான்டி!

வீட்டுக்காரர்: அவ்வளவு வெறுப்பா... நீயாவது சொல்லும்மா. உனக்கும் அப்படித்தானா?

நர்ஸ்: எனக்கு... வந்து... இவருக்குப் பிடிக்காதது எனக்கும் பிடிக்காது சார்.

டிரைவர்: நாய் வச்சிருக்கறவனுக்கு வீடு குடுக்கறதுக்கு வீட்ட இடிச்சே போட்டுடலாம். கதவு போச்சு, சுவர் போச்சு, அக்கம்பக்கத்துத் தூக்கம் போச்சு! உங்க கேட்டுல 'நாய் வளர்ப்போருக்கு வீடு கிடையாது'ன்னு போர்டு பாத்தேன் பாருங்க, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இருந்தா இந்த வீடுதான்னு.

வீட்டுக்காரர்: ஒரேயடியா அப்படிச் சொல்லிட முடியாதுப்பா. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பையன் சுவர் பூரா ரயில் வரைஞ்சு வச்சிட்டுப் போனான். எந்த நாயாவது ரயில் வரையுமா?

டிரைவர்: வரையாது சார். ஆனா ரயில் மாதிரி கத்தும்.

வீட்டுக்காரர்: கீழ் வீட்டுல டிரம்ஸ் அடிக்கறான். அவன நான் போகச் சொன்னேனா? நாய் காரணத்தோட குலைக்கும். அவன் எந்தக் காரணமும் இல்லாம அடிக்கறான்.

நர்ஸ்: சார்... பேசறது நீங்கதானா?

வீட்டுக்காரர்: இல்லம்மா, யோசிச்சுப் பாத்தா... அதுவும் வாயில்லா ஜீவன். அதுக்கும் ஒரு கூரை வேணுமில்ல?

டிரைவர்: ஏய், இங்க வா... காதக் குடு. வலை விரிக்கறாரு. வாயத் திறந்துடாத.

வீட்டுக்காரர்: என்ன சத்தம் அது?

நர்ஸ்: இருமல் சார்! இவருக்கு.

டிரைவர்: லொக்... லொக்கு... லொக்கு...

வீட்டுக்காரர்: நீங்க இங்க நிக்கறீங்க. இருமல் பாத்ரூம்லேருந்து வருதே?

டிரைவர்: எதிரொலி சார். நீங்க போட்டுக் குடுத்த டைல்ஸ் அப்படி. ஒண்ணு குடுத்தா ரெண்டாத் திருப்பிக் குடுக்கும்.

வீட்டுக்காரர்: உடம்பப் பாத்துக்கோ தம்பி... சரி, நான் கிளம்பறேன். உங்கள நம்பித்தான் வந்தேன். அது நடக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. போற வழியில காப்பகத்துலயே விட்டுடறேன்.

நர்ஸ்: எத சார்?

வீட்டுக்காரர்: மேனேஜர.

டிரைவர்: மேனேஜரையா?

வீட்டுக்காரர்: நாய்ப்பா. என் நாய். மெத்தைக் கடை குடோன்ல வச்சிருந்தேன். நாளெல்லாம் மெத்தை மேல படுத்துக்கிட்டு வேலை செய்றவங்கள மொறைச்சிக்கிட்டு இருக்கும். பசங்கதான் அந்தப் பேர வச்சாங்க.

டிரைவர்: உங்க நாயா? போர்டு வச்ச நீங்களா?

வீட்டுக்காரர்: குடோன வித்தாச்சு. நாளைக்குச் சாவி குடுக்கணும். இப்ப கீழ கார்ல உக்காந்திருக்கு... கண்ணாடி வழியா நான் போன பக்கத்தையே பாத்துக்கிட்டு.

நர்ஸ்: உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமே சார்?

வீட்டுக்காரர்: நல்லா கேட்டம்மா! என் சம்சாரம் இருக்காளே? அவளுக்கு நாய்ன்னா ஆகவே ஆகாது. கல்யாணமான புதுசுல ஒண்ணு தொரத்திச்சுன்னு மதில் மேல ஏறினவ, இறங்க மாட்டேன்னுட்டா. அவளுக்காகத்தான் அந்தப் போர்டே. மாடி வீட்டுக்காரங்கள அனுப்பினதும் அவளுக்காகத்தான். அனுப்பிட்டு நாலு நாள் தூங்கல நான்.

நர்ஸ்: ஆகாதுன்னு அவங்க வாயால சொன்னாங்களா?

வீட்டுக்காரர்: சொல்லணுமா என்ன? இத்தன வருஷமா குடும்பம் நடத்தறேன். அவ மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?

டிரைவர்: ம்க்கும்... லொக்...

நர்ஸ்: நீங்க சும்மா இருங்க.

வீட்டுக்காரர்: காப்பகத்துல எல்லாம் சிமெண்டுத் தரைம்மா. அதுக்கு மெத்தை இல்லாம படுக்கத் தெரியாது... நான் திரும்பி வருவேன்னு கதவையே பாத்துக்கிட்டுக் கிடக்கும்...

நர்ஸ்: ஏங்க... சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

டிரைவர்: நடிப்பா இருந்தா?

நர்ஸ்: இருந்துட்டுப் போகட்டும். நான் பாத்ரூமத் திறக்கறேன்.

டிரைவர்: ஏய்! ஏய்... போச்சு. எல்லாம் போச்சு.

வீட்டுக்காரர்: அட... அட! இதுவா இருமிச்சு? வாடி என் வெள்ளக்கட்டி! வாயில என்னடி... சாக்ஸா?

டிரைவர்: மன்னிச்சிடுங்க சார். நகம் வெட்டாதது இதுதான். சோபாவுக்கு வேற உறை போட்டுடறோம்...

வீட்டுக்காரர்: சோபா கிடக்கட்டும் தம்பி! நான் கடை வச்சிருக்கறவன், புதுசே அனுப்பறேன். பாரு, பாரு, எம் முகத்த நக்கறத! என்னமோ ரொம்ப நாள் பழகின மாதிரி! அப்ப பிரச்சினையே தீந்துச்சு. ஒண்ணோட ரெண்டா மேனேஜரும் இங்கயே இருந்துட்டுப் போகட்டும்.

டிரைவர்: காலி பண்ணச் சொல்ல மாட்டீங்களே?

வீட்டுக்காரர்: நீங்க கிளம்பறேன்னாலும் விட மாட்டேன். ஒரே ஒரு கண்டிஷன். என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நாயோட சேத்து என்னையும் தொரத்திடுவா.

டிரைவர்: அதுலதான் சார் ஒரு சின்னச் சிக்கல்...

வீட்டுக்காரர்: என்ன சிக்கல்?

டிரைவர்: இந்தக் குட்டி எங்களோடது இல்ல. ஒருத்தங்க எங்ககிட்ட ரகசியமா விட்டு வச்சிருக்காங்க. தினம் வந்து மடியில போட்டுக் கொஞ்சிட்டுப் போவாங்க. மேனேஜர் இங்க இருந்தா அவங்க கண்ணுல பட்டுடும்.

வீட்டுக்காரர்: பட்டா என்ன? நாயப் பிடிச்சவங்கதான?

டிரைவர்: அவங்களும் உங்கள மாதிரியே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க சார். 'எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.

வீட்டுக்காரர்: இப்படியும் ஒரு புருஷனா? ஆசைப்பட்ட ஒரு நாய வளக்க விடாம... யாரும்மா அந்தப் பாவம்? நானே பேசறேன். நான் சொன்னா கேப்பாங்க.

டிரைவர்: வேண்டாம், சொல்லாத... சத்தியம்...

நர்ஸ்: பேசுங்க சார். தாராளமாப் பேசுங்க. ராத்திரி சாப்பிடறப்ப உங்க எதிர்லதான உக்காந்திருப்பாங்க.